சாப்பிட மறுக்கும் மழலை: பெற்றோருக்கு ஒரு கணக்குப் பாடம்



‘பிள்ளை ஒன்றுமே சாப்பிடமாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல் கேட்காத வீடு நம்மவர் வீடுகளில் மிகக் குறைவு. ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் சாப்பாட்டு வேளை வந்தாலே ஒரு போராட்டம்தான். தாய் கிண்ணத்தோடு பின்னால் நடக்கிறாள். தந்தை செல்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் ‘பிள்ளை மெலிஞ்சு போச்சே’ என்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் பாதி மீதி. குழந்தைக்கும் அழுகை, தாய்க்கும் அழுகை.

நான் மருத்துவன் அல்லன். சிவில் பிரிவில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். என் பேத்தி விஷயத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் எங்களுக்குக் கற்றுத் தந்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வெளியூர்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் பாடமாக எழுதுகிறேன்.

எங்கள் பகுதியைப் பற்றி இரண்டு வரி. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர அடுக்களையில் விழவில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மரச்சீனி, ஒரே மட்டிப்பழம், ஒரே சாளை மீன் குழம்புதான். ‘மக்களே, ஒரே ஒரு வாய்’ என்று பிள்ளையைக் கெஞ்சும் குரலும் ஒன்றுதான்.

முதல் பாடம்: வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையும்

பிறக்கும்போது ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் அதைப் போல மூன்று மடங்கு ஆகிறது. அதாவது முதல் ஆண்டில் சுமார் ஆறு கிலோ கூடுகிறது. அடுத்த ஆண்டு முழுவதிலும் கூடுவது இரண்டு முதல் இரண்டரை கிலோதான். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி நடுத்தரமான ஒரு பெண் குழந்தை ஒரு வயதில் சுமார் 9 கிலோவும், இரண்டு வயதில் சுமார் 11.5 கிலோவும் இருக்கும். ஆண் குழந்தை சுமார் 9.6 கிலோவும் 12.2 கிலோவும் இருக்கும். இந்த அளவுகளை ஆறு நாடுகளின் குழந்தைகளை எடைபோட்டுத் தயாரித்தார்கள். அவற்றில் நம் நாடும் ஒன்று. எனவே ‘இது வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்கு’ என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

எடை கூடும் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது பசி மட்டும் பழைய வேகத்தில் இருக்குமா? பத்தாம் மாதத்தில் கிண்ணம் நிறையச் சாப்பிட்ட பிள்ளை பதினைந்தாம் மாதத்தில் நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். பிள்ளை கெட்டுப்போகவும் இல்லை, கண்பட்டுவிடவும் இல்லை. உடம்பு கேட்பது குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட்ட குழந்தை அடுத்த வேளை தொடாமல் இருக்கும். ஆகவே ஒரு வேளையை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தட்டில் எவ்வளவு வைப்பது என்பதற்கும் ஒரு சுலபமான அளவு இருக்கிறது. பெரியவர் சாப்பாட்டில் நாலில் ஒரு பங்கு போதும். அல்லது ஒவ்வொரு வகையிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறு இரண்டு கரண்டி, பருப்பு இரண்டு கரண்டி, பொரியல் இரண்டு கரண்டி. கேட்டால் மறுபடி வைக்கலாம். பெரிய தட்டில் மலைபோல் குவித்து வைத்தால் பார்த்தவுடனேயே குழந்தைக்கு மிரட்சி ஏற்படுகிறது.

இரண்டாம் பாடம்: வயிற்றில் இடம் இருக்கிறதா?

இதுதான் எங்கள் வீட்டுக் கதை. மகன் புனேயில் வேலை பார்க்கிறான். மருமகள், 22 மாதப் பேத்தியோடு விடுமுறைக்கு வந்திருந்தாள். பேத்தி எதையும் சாப்பிடுவதில்லை. இட்லியைத் துப்புவாள், சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘இவளுக்கு ஊட்டத் தெரியல்ல’ என்று ஒருத்தி மருமகளின் காதுபடவே சொல்லிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பெண் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு ஊட்டி முடித்து, யாரும் இல்லாத நேரத்தில் அடுக்களையில் நின்றுகொண்டு தானும் ஏதோ சாப்பிடுவாள். பிள்ளை சாப்பிடாததைவிட அது என் மனைவியை அதிகமாக வாட்டியது.

குழந்தையின் எடை 10.1 கிலோ. வயதுக்கு அது மோசமில்லை. ஆனால் கண்ணின் கீழ் இமை உள்ளே வெளுத்திருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி சோற்றைப் பற்றியதே இல்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை குப்பி பால் குடிக்கிறாள்?”

“அஞ்சு குப்பி, டாக்டர். சோறுதான் தின்னமாட்டேங்கிறாள், பாலாவது குடிக்கட்டுமேன்னு...” என்றாள் மருமகள்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மூன்று நாள் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போவதை எல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். பதிவேடு எழுதுவது என் பழைய தொழில். அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

மூன்று நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். காலை ஆறரைக்கு ஒரு குப்பி பால். ஒன்பது மணிக்கு இட்லி, துப்பினாள், அழுகையை நிறுத்த மூன்று பிஸ்கட். பத்தரைக்குப் பால். ஒரு மணிக்குச் சோறு, இரண்டே வாய். உறங்க வைக்கப் பால். நாலரைக்குப் பிஸ்கட் ஐந்து. ஆறு மணிக்குப் பால். எட்டரைக்கு எதுவும் வேண்டாம். ஒன்பதுக்குப் பால். ஒரு குப்பி 200 மில்லி. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி சர்க்கரை.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 650 கலோரி. ஐந்து கரண்டி சர்க்கரையில் சுமார் 100. எட்டுப் பிஸ்கட்டில் ஏறக்குறைய 175. மொத்தம் 925. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையானது சுமார் 1000 கலோரி. ‘ஒன்றுமே சாப்பிடாத’ எங்கள் பேத்தி தனக்கு வேண்டியதை நாள்தோறும் கிட்டத்தட்ட முழுமையாக உட்கொண்டுவிட்டுத்தான் சோற்றை மறுத்திருக்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளையிடம்தான் அத்தனை பேரும் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஒற்றைப் பாதையில் ரயில் ஓடும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு வண்டி இருக்கும்போது இன்னொன்றை உள்ளே விடமாட்டார்கள். பிள்ளையின் வயிறும் அப்படித்தான். பால் உள்ளே இருக்கும்போது சோறு வெளியே கைகாட்டியில் நிற்க வேண்டியதுதான். சோற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கலோரி நிறைந்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஒரு லிட்டர் பசும்பாலில் அது ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. தவிர, பால் அதிகமானால் மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறைகிறது. பேத்தியின் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. நம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கொள்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் பசியும் மந்தமாகிறது. பசி மந்தமானால் சோறு இறங்காது, மீண்டும் பால். இப்படி ஒரு சுழல். மூளை வேகமாக வளரும் வயதில் இந்தக் குறை நீடித்தால் பிள்ளையின் கவனமும் கற்கும் திறனும் பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் விளக்கினார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019–21 கணக்கெடுப்பில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 67.1, தமிழ்நாட்டில் 57.4, கேரளத்தில் 39.4. படிப்பிலும் மருத்துவ வசதியிலும் பேர் பெற்ற இந்த இரு மாநிலங்களிலேயே நிலைமை இது.

மருத்துவர் சொன்னவை நான்கு. பால்குப்பியை அறவே நிறுத்தி டம்ளரில் கொடுப்பது. பால் ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம். அதுவும் சாப்பாட்டுக்குப் பின். பிஸ்கட் வீட்டில் இருக்கவே கூடாது. இரும்புச்சத்துச் சொட்டுமருந்து, அவர் எழுதிக் கொடுத்த அளவில். முதல் நான்கு நாள் வீடு இரண்டுபட்டது. இரவில் குப்பி கேட்டு அழுகை. ஐந்தாம் நாள் காலை, என் மனைவி ஆவி பறக்க வைத்த புட்டையும் மட்டிப்பழத்தையும் பிசைந்து தானே அள்ளித் தின்றாள். மூன்று மாதம் கழித்துப் புனேயில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.3.

மூன்றாம் பாடம்: யாருக்கு எந்தப் பொறுப்பு?

கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் 1920களிலும் 30களிலும் ஒரு சோதனை செய்தார். அப்போதுதான் பால்குடி மறக்கும் நிலையிலிருந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் வேளைதோறும் பலவகை உணவுகளைச் சிறு கிண்ணங்களில் வைத்தார். பட்டியலில் மொத்தம் 34 உணவுகள். குழந்தை எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் தாதி கரண்டியில் எடுத்துக் கொடுக்கலாம். ‘இதைத் தின்னு’ என்றோ ‘அது வேண்டாம்’ என்றோ ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. குழந்தைகள் தாறுமாறாகத்தான் தின்றன. ஒரு நாள் முட்டையாகவே, இன்னொரு நாள் பழமாகவே. ஆனால் மாதக்கணக்கில் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. 1939இல் அவர் இதன் முடிவுகளை விரிவாக வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு ‘பிள்ளை கேட்பதை எல்லாம் கொடுத்துவிடலாம்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த 34 வகையில் சர்க்கரைப் பண்டமோ பொட்டல உணவோ ஒன்றும் இல்லை. பட்டியலைப் போட்டது பெரியவர். அதற்குள் தேர்ந்தெடுத்தது குழந்தை. வெற்றி இந்த இரண்டும் சேர்ந்ததால் வந்தது.

எலின் சாட்டர் என்ற உணவியல் அறிஞர் 1980களில் இதையே பொறுப்புப் பங்கீடாக வகுத்துக் கொடுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்ற மூன்றும் பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்ற இரண்டும் குழந்தையின் பொறுப்பு. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. என்ன சாப்பாடு என்பதைப் பிள்ளை அழுது தீர்மானிக்கிறது. எவ்வளவு என்பதைத் தாய் தீர்மானித்து வாயில் திணிக்கிறாள். இருவரும் அடுத்தவர் வேலையைச் செய்தால் தினமும் சண்டைதான்.

கேரளத்தில் அண்மையில் நடந்த ஒன்றை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2025 தொடக்கத்தில் ஆலப்புழை மாவட்டம் தேவிகுளங்கரையைச் சேர்ந்த ஓர் அங்கன்வாடிச் சிறுவன், உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய அமைச்சர் வீணா ஜார்ஜ் உணவுப் பட்டியலைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூனில் புதிய பட்டியல் வந்தது. முட்டை பிரியாணியும் புலாவும் சேர்ந்தன. உப்பும் சர்க்கரையும் குறைக்கப்பட்டன. பாலும் முட்டையும் வாரத்தில் இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் என்றாயின.

பிள்ளை கேட்டது ஒன்று. பெரியவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டு, சத்துக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது வேறொன்று. வீட்டிலும் இப்படித்தான் நடக்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளலாம். பட்டியல் நம் கையில் இருக்கட்டும்.

நான்காம் பாடம்: புதுச் சுவைக்குப் பத்து வாய்ப்பு

‘கீரை கொடுத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை’ என்போம். எத்தனை முறை கொடுத்தோம்? இரண்டு, மூன்று முறை. லியன் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார். எந்த உணவை அதிக முறை சுவைத்தார்களோ அதையே அதிகம் விரும்பினார்கள். பிற்காலத்து ஆய்வுகளும் சேர்ந்து எட்டு முதல் பதினைந்து முறை வரை பொறுமை வேண்டும் என்று காட்டுகின்றன. கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. நாக்கில் பட வேண்டும். பட்டதைத் துப்பினாலும் அதுவும் ஒரு முறைதான்.

இரண்டு வயது முதல் ஐந்து, ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு அஞ்சுவது எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் இயல்பு. நடக்கக் கற்று, கண்டதை எடுத்து வாயில் போடும் வயதில் இந்த அச்சம் அதற்கு ஒரு காவலாகவும் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

அதே பர்ச் 1980இல் இன்னொன்றையும் கண்டார். ஒரு காய்கறியை விரும்பாத குழந்தையை, அதை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு சில நாள் உட்கார வைத்தால் அதுவும் தின்னத் தொடங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் இதை யாரும் ஆய்வு செய்ய வேண்டியதில்லை. சித்தி வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் ஒரு பெரிய தட்டில் மரச்சீனியும் மீனும் தின்னும்போது ஐந்தாவது பிள்ளை தானாகவே கை நீட்டும்.

வெளியூரில் ஒற்றைக் குடும்பமாக இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. பிள்ளை தனியாகத் தின்கிறது. அது தின்று முடித்தபின் பெற்றோர் தின்கிறார்கள். பிறர் தின்பதைப் பார்க்கவே அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே நாளில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் நம் குடும்பங்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கலாம். சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடுவதைவிடப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைப்பது நல்லது.

ஐந்தாம் பாடம்: வற்புறுத்தல், லஞ்சம், செல்பேசி

வாயை அமுக்கித் திறந்து ஊட்டினால் அந்த வேளை நாலு வாய் உள்ளே போகலாம். ஆனால் கிண்ணத்தைக் கண்டாலே அழும் பழக்கம் வந்துவிடும். புரையேறும் ஆபத்தும் உண்டு.

‘இதைத் தின்றால் மிட்டாய் தருகிறேன்’ என்பது அடுத்த வழி. 1984இல் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பிற்பாடு அந்தப் பானத்தின்மீது விருப்பம் குறைந்தது. காரணம் புரிகிறது. கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை இனிமையாக இருக்க முடியாது என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. கத்தரிக்காய் தண்டனையாகவும் மிட்டாய் பரிசாகவும் அதன் மனதில் பதிந்துவிடுகிறது.

மூன்றாவது, செல்பேசி. படத்தைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தைக்கு என்ன தின்கிறோம், வயிறு நிறைந்ததா என்பது தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. மூன்று வேளையும் செல்பேசியோடு ஊட்டினால் அந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

மருந்துக் கடையில் ‘பசி மருந்து’ கேட்டு வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில, பிள்ளையை உறக்கத்தில் ஆழ்த்தக் கூடியவை.

ஆறாம் பாடம்: நம் அடுக்களையில் இருப்பது

எங்கள் எல்லைப் பகுதியில் பால்குடி மறக்கும் பிள்ளைக்கு ஏத்தங்காயையோ குன்னன் காயையோ சீவி வெயிலில் உலர்த்திப் பொடித்துக் குறுக்கிக் கொடுப்பது பழைய வழக்கம். கேழ்வரகும் அவ்வாறே, இங்கே கூவரகு என்பார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடி வழியாக அமிர்தம் பொடி தருகிறார்கள். கோதுமை, கடலைப் பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிப்பது அது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் சத்துமாவு தருகிறார்கள். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இரண்டுக்கும் தாய். வெளி மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள், ‘அது ஏழைகளுக்கு’ என்று எண்ணாமல், அருகிலுள்ள அங்கன்வாடியில் பிள்ளையை எடை போடவாவது அழைத்துப் போகலாம்.

குறுக்குக் கஞ்சி ஆறேழு மாதப் பிள்ளைக்குச் சரி. ஒரு வயது கடந்தபின்னும் எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துக் கொடுத்தால் மெல்லும் பழக்கம் வராது. பிறகு ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிக்கும். ஒன்பது, பத்து மாதத்திலிருந்தே கையால் மசித்தது, பின் சிறு துண்டுகள், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டிலேயே காரம் குறைத்தது என்று படிப்படியாக மாற்ற வேண்டும்.

இரும்புச்சத்துக்கு மீன், முட்டை, ஈரல் நல்லவை. சைவக் குடும்பங்களில் சிறுபயறு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, கேழ்வரகு. இவற்றோடு இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது சிறிது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேயிலை அதற்கு நேர் எதிர். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கட்டன் சாயா குடிக்கும்போது மடியில் இருக்கும் பிள்ளைக்கும் பிஸ்கட்டை அதில் நனைத்துக் கொடுப்பதைப் பார்க்கிறேன். அன்பால் செய்வதுதான். ஆயினும் அதை விட்டுவிட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. நான்கு வயது வரை முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கடினமான பச்சைக் காரட் துண்டு ஆகியவை வேண்டாம், மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். மீனில் முள் பார்த்துக் கொடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

எல்லா மறுப்பும் இயல்பானது என்று இருந்துவிடவும் கூடாது. எடை குறைந்தாலோ, சில மாதங்களாகக் கூடாமலே இருந்தாலோ. முகமும் இமையும் வெளுத்திருந்தாலோ. மண், சுண்ணாம்பு, சாம்பல் தின்றாலோ. விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ. ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இருந்தாலோ. தின்னும் வகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நாலைந்தில் வந்து நின்றாலோ. பேச்சும் பழகுதலும் வயதுக்கு ஏற்றதாக இல்லாமல் இருந்தாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடற்புழு மருந்தும் கேட்டுக் கொடுக்க வேண்டும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளில் ஒரு வயது முடிந்த பிள்ளைகளுக்கு அதை இலவசமாகத் தருகிறார்கள். எங்கள் மாவட்டத்தவர்க்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

வீட்டுப் பாடம்: இரண்டு வாரம்

படித்ததோடு நிறுத்தாமல் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். வாய்க்குள் போகும் பால், சர்க்கரை, பிஸ்கட், சாறு, சோறு எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பிறகு கூட்டுங்கள்.

2. பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிற்கட்டும். டம்ளரில், சாப்பாட்டுக்குப் பின். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாராளமாகத் தொடரலாம். சாப்பாட்டுக்கு முன் மட்டும் வேண்டாம்.

3. நாளுக்கு மூன்று சாப்பாடு, இரண்டு சிற்றுண்டி. இடையில் இரண்டரை அல்லது மூன்று மணி நேரம் இருக்கட்டும். அந்த இடைவேளையில் தண்ணீர் மட்டும்.

4. தரையிலோ நாற்காலியிலோ எப்போதும் ஒரே இடம். செல்பேசியும் தொலைக்காட்சியும் அணைத்திருக்கட்டும்.

5. தட்டில் பிள்ளைக்குப் பிடித்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். புதியது ஒன்று, அரைக் கரண்டி. தின்றாலும் தின்னாவிட்டாலும் எதுவும் சொல்ல வேண்டாம்.

6. அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். கோபம் வேண்டாம். வேறொன்று செய்து கொடுக்கவும் வேண்டாம். அடுத்த வேளை வரத்தான் போகிறது.

7. கையால் அள்ளித் தின்னட்டும். சிந்தும். கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

8. பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் இந்த ஏற்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் விதிக்கு ஒருவர் பிஸ்கட் கொடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

ஒன்பதாவதாக, வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தின்னாததற்குத் தாயின்மேல் பழி போடாதீர்கள். முன்காலத்தில் ஒரு பிள்ளையை ஒரு தெருவே வளர்த்தது. இன்று புனேயிலும் துபாயிலும் ஒரு பெண் நான்கு சுவருக்குள் தனியாக அந்த வேலையைச் செய்கிறாள். தொலைபேசியில் ‘பிள்ளை சாப்பிட்டதா?’ என்று கேட்கும்போது ‘நீ சாப்பிட்டியா மக்களே?’ என்றும் சேர்த்துக் கேளுங்கள். அவள் நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பிள்ளையும் சாப்பிடக் கற்கிறது.